இடது கை, இரண்டு இடம்

1

நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொச்சியைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். சீன வலை, படகு, மழை, மீன் என்று எதை எழுத வேண்டும் என்ற பட்டியலையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். அவற்றைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. வலையைப் பார்க்க வருகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். மட்டாஞ்சேரியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். கொச்சங்காடியில் ஒரு பாண்டிகசாலையில், அதாவது சரக்குக் கிடங்கில், மிளகும் சுக்கும் எடை போடும்போது பக்கத்தில் நின்று எழுதுவது என் வேலை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் அந்த வலையை நான் நின்று பார்த்தது இரண்டு முறை. இரண்டு முறையும் ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக.

சென்ற மாதம் என் மைத்துனர் அழகர்சாமி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. உறையின் மேல் என் மனைவி வள்ளித்தாயின் பெயர் மட்டும் இருந்தது. வீட்டு எண், தெரு, அஞ்சல் எல்லாம் சரியாக எழுதியிருந்தார்கள். என் பெயர் மட்டும் இல்லை. அது மறதி அல்ல. ஊரில் எனக்கு 'மச்சானைக் காட்டிக்கொடுத்தவன்' என்று ஒரு பெயர் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. கடைத்தெருவில், கோயில் வாசலில், பஸ் ஸ்டாண்டில் அதைச் சொல்லியே என்னை அடையாளம் காட்டுகிறார்கள் என்பதை நான் அறிவேன்.

நான் 1959 முதல் நாள்தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். நடந்ததை அதிலிருந்து எடுத்து இங்கே எழுதுகிறேன். படித்த பிறகும் அப்படியே கூப்பிட விரும்புகிறவர்கள் கூப்பிடலாம். படிக்காமல் கூப்பிட வேண்டாம்.

2

என் கடைசிப் பையன் ஆறு வயதுக்காரன். இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். சேர்க்கும்போது ஒரு அட்டை கேட்டார்கள். முத்தடுப்பு ஊசி மூன்று முறை, போலியோ சொட்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. பிறந்ததிலிருந்து அந்த அட்டையை என் நாட்குறிப்போடு வைத்திருந்தேன். நீட்டினேன். குமாஸ்தா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அரை நிமிடத்தில் முடிந்தது.

அவன் கையில் அம்மை குத்திய தழும்பு கிடையாது. அவன் பிறந்தபோது பெரியம்மையே உலகத்தில் இல்லாமல் போயிருந்தது. ஆனால் அவனுடைய அக்காள் செண்பகம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த 1973-ல் நிலைமை வேறு. அப்போது பிறப்புச் சான்றிதழோடு அம்மை குத்திய சான்றிதழும் வேண்டும். கையில் தழும்பும் வேண்டும்.

செண்பகத்தை நாங்கள் சேர்க்க நினைத்த பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் தமிழுக்கு ஒரு பிரிவு இருந்தது. அந்த இடத்தை விட்டால், நான் விசாரித்தவரை, தமிழில் ஒன்றாம் வகுப்பு அக்கரையில் எர்ணாகுளத்தில்தான். ஐந்து வயதுப் பிள்ளையைத் தினமும் படகில் அனுப்ப முடியாது. இல்லையென்றால் மலையாளத்தில் சேர்க்க வேண்டும், அல்லது ஒரு வருடம் வீட்டில் வைத்திருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே சம்மதமில்லை. அவள் தமிழ் எழுதப் படிக்க வேண்டும் என்பதில் அந்த நாட்களில் நான் பிடிவாதமாக இருந்தேன். இன்று அவள் மலையாளப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டுகிறாள். இந்தக் கட்டுரையை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அது வேறு வருத்தம்.

3

செண்பகத்துக்கு ஏன் அம்மை குத்தவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்களில் பலர் அப்போது அதே தெருவில் இருந்தீர்கள்.

முதல் பிரசவம் என்பதால் வள்ளித்தாய் ஊருக்குப் போயிருந்தாள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது அம்மன் கோயில் பங்குனிக் கொடைக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் கொடை முடியும்வரை ஊரில் யார் உடம்பிலும் ஊசி முனை படக் கூடாது என்பது நம் வழக்கம். கொடைக்குக் கூட்டம் சேரும், நோய் பரவும் என்றுதான் அரசாங்கம் அந்த நேரம் பார்த்து அம்மை குத்துகிறவரை அனுப்பும். அவர் வந்தார். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கோயில் கமிட்டியில் இருந்த அழகர்சாமி அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அடுத்த தெருவுக்கு அனுப்பிவைத்தார். இது நான் கேள்விப்பட்டது. அப்போது நான் இங்கே இருந்தேன்.

அந்த ஆடியில் மனைவியையும் பிள்ளையையும் இங்கே அழைத்துவந்துவிட்டேன். இங்கேயும் வருடத்துக்கு ஒருமுறை கார்ப்பரேஷனிலிருந்து நாங்கள் இருந்த லைன் வீடுகளுக்கு வருவார்கள். மலையாளத்தில் அதை அச்சுக்குத்து என்பார்கள். ஒவ்வொரு முறையும் வள்ளித்தாய், ஊரிலேயே குத்தியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மன் காப்பில் இருந்த பிள்ளை, அதற்கு மேல் எந்தக் காப்பும் தேவையில்லை என்பது அவள் எண்ணம். நான் பாண்டிகசாலையில் இருப்பேன். மாலையில் வந்து, இன்று அச்சுக்குத்துக்காரர்கள் வந்தார்கள் என்று அவள் சொன்னதை எழுதி வைப்பேன். பிள்ளையின் கையை நான் பார்க்கவில்லை. ஐந்து வருடம் அந்தக் கையைப் பிடித்து நடந்தவன், சட்டையைத் தூக்கி ஒருநாளும் பார்க்கவில்லை.

4

1973 மே மாதம் பள்ளியிலிருந்து விண்ணப்பம் வாங்கி வந்தேன். சான்றிதழ் எங்கே என்று கேட்டபோதுதான் வள்ளித்தாய் உண்மையைச் சொன்னாள். கார்ப்பரேஷன் மருந்தகத்தில் குத்திக்கொண்டு, எட்டாம் நாள் போய்க் கையைக் காட்டினால், கொப்புளம் கண்டு மருந்து பிடித்திருக்கிறது என்று பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அவகாசம் இருந்தது. அவள் மறுத்தாள். இரண்டு நாள் வாதாடினேன். மூன்றாம் நாள் சண்டைக்கு அலுத்துப்போய் அழகர்சாமிக்குக் கடிதம் எழுதினேன்.

அவர் அப்போது நம் ஊரில் ஒரு அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். எல்லோரையும் தெரிந்தவர். கேட்டால் இல்லை என்று சொல்லாதவர். என் கடிதத்தின் நகல் நாட்குறிப்பில் இருக்கிறது. 'செண்பகத்துக்கு அம்மை குத்திய சான்றிதழ் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு அவசியம் தேவைப்படுகிறது. தாங்கள் தக்கபடி ஏற்பாடு செய்து அனுப்பவும்.' இவ்வளவுதான். பொய்ச் சான்றிதழ் அனுப்பு என்று நான் எழுதவில்லை. ஆனால் தக்கபடி என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் வந்தது. கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி. 'இடது கை, இரண்டு இடம், பிடித்தது.' கொடை முடிந்து நம் தெருவுக்கு அடுத்த முறை போனபோது பதிவேட்டில் எழுதிய தேதியையே அம்மை குத்துகிறவர் இதிலும் போட்டிருந்தார். கொடை நடந்த அதே வருடம் செப்டம்பரில் ஒரு நாள்.

அன்று மாலையே பழைய நாட்குறிப்பை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தேன். 'மழை. சுக்கு மூட்டை நாலு நனைந்தது. செண்பகத்துக்குக் கீழ்ப்பல் முளை தெரிகிறது.' மட்டாஞ்சேரி வீட்டில், என் கண் முன்னால் முளைத்த பல். அன்றைக்குப் பிள்ளை ஊரில் இல்லை என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி.

நாட்குறிப்பை மூடிவிட்டேன். மறுநாள் சான்றிதழைப் பள்ளியில் கொடுத்தேன். குமாஸ்தா வாங்கி நூலில் கோத்தார். இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. கேட்டவர்கள்தான் யாரும் இல்லை.

5

பள்ளி திறந்து இரண்டாவது வாரம் கை பார்க்க வந்தார்கள். கார்ப்பரேஷன் நர்ஸ் ஒருவர், தங்கம்மா சிஸ்டர் என்று பெயர். ஒல்லியான, வேகமாக நடக்கிற அம்மாள். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளின் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார். செண்பகத்தின் இரண்டு கையும் சுத்தமாக இருந்தன. எங்கே குத்தினார்கள் என்று கேட்டிருக்கிறார். எனக்குக் குத்தவே இல்லை என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. பொய் சொல்ல நாங்கள் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. காகிதம் கொடுத்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

பகல் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து பாண்டிகசாலைக்கு ஆள் வந்தது. போனேன். முதலில் கண்ணில் பட்டது வராந்தா. தமிழ் ஒன்றாம் வகுப்பில் ஊரிலிருந்து சான்றிதழ் கொண்டுவந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர். செண்பகத்தோடு பன்னிரண்டு பேரையும் சிலேட்டோடு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். மழை சாரலாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. மற்ற பதினொரு பிள்ளைகளின் கையிலும் தழும்பு இருந்தது. அதைச் சிஸ்டரே பார்த்துக் குறித்திருந்தார்.

தலைமையாசிரியர் என்னை உட்காரச் சொல்லவில்லை. செண்பகத்தின் சான்றிதழை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது பாண்டிக் கடலாஸ். இனி இவிடெ எடுக்கில்லா."

பாண்டி நாடு என்று அவர்கள் இளக்காரமாகச் சொல்லும் தமிழ்நாட்டிலிருந்து வருகிற காகிதம் எதையும் இனி ஏற்பதில்லை என்றார். செண்பகத்தின் பெயரை அடித்துவிட்டதாகவும், மற்ற பதினொன்றும் கள்ளம்தானா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை அவர்கள் வகுப்பில் ஏற முடியாது என்றும் சொன்னார். பதில் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

அப்போது சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். எதிர்பாராத இடத்திலிருந்து வந்த கேள்வி அது.

"சாரே, மலையாளம் கிளாசிலும் ரெண்டு குட்டிகளுக்குத் தழும்பு இல்லா. அது குத்தியும் பிடிச்சில்லான்னு நிங்ஙள் எழுதி. இது மாத்ரம் எப்படிக் கள்ளம்?"

தலைமையாசிரியர் சான்றிதழை மேஜைமேல் வைத்தார். அந்தக் கேள்வி இன்றும் என்னிடம் இருக்கிறது. இங்கே உள்ளவன் கையில் தழும்பு இல்லையென்றால் மருந்தின் குறை. நம் கையில் இல்லையென்றால் நம் குணத்தின் குறை. இதற்காக அந்த மனிதரை நான் அன்றும் வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன். ஆனால் அந்த ஒரு காகிதத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. அவருடைய திமிரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாதபடி என் வாயை அடைத்தது அந்தக் காகிதம்தான். தக்கபடி காகிதம் செய்து தருகிற உங்கள் மேல் எனக்கு உள்ள கோபத்தின் வேர் இதுதான். அதைச் செய்யச் சொன்ன என் மேலும்.

6

வெளியே வந்தபோது மாடசாமி நின்றுகொண்டிருந்தார். அவரும் நம் பக்கத்துக்காரர்தான். கட்டை வண்டி இழுக்கிறவர். அவர் மகன் பதினொரு பேரில் ஒருவன். செய்தி கேட்டு வண்டியை வழியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"பேனா பிடிக்கிற ஆளுங்க நீங்க. நான் கைநாட்டு. எம் பிள்ளை கையில தழும்பு இருக்கு. உங்க பிள்ளை கையில என்னய்யா இருக்கு?"

நான் நகரப் பார்த்தேன். அவர் விடவில்லை. "சேட்டன்மார் நம்மளப் பாண்டின்னு சொன்னா எனக்கு ரோசம் வரும். இன்னிக்கு வரல. சொல்லிட்டுப் போறான்னு இருக்கு. இதுக்கு எங்க போய் முட்டிக்க?"

மறுபடியும் உள்ளே போனேன். என்ன செய்தால் பிள்ளைகளை வகுப்பில் ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். இன்றே குத்தி எட்டாம் நாள் பார்த்துவிட்டால் போதுமே என்றார் சிஸ்டர். தலைமையாசிரியருக்கு அது போதவில்லை. சேர்க்கைப் பட்டியல் மேலே போய்விட்டது, கோப்பில் ஒரு விளக்கம் இருக்க வேண்டும் என்றார். இந்தச் சான்றிதழ் பொய், இது ஒன்று மட்டும்தான் பொய், இன்னார் மூலம் வந்தது என்று நானே எழுதிக் கையெழுத்திட்டால் மற்றவர்களை இன்றே ஏற்றுவார். செண்பகத்துக்குக் குத்திய பிறகு, எட்டாம் நாள் சிஸ்டர் பார்த்து எழுதிக்கொடுத்தால் அவள் பெயரைத் திரும்பச் சேர்ப்பார். எட்டாம் நாள் தவறினால் இந்த வருடம் கிடையாது.

எழுத உட்கார்ந்தேன். முதலில், 'ஊரிலிருந்து தபாலில் பெற்றேன்' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, அனுப்பியவர் பெயர் வேண்டும் என்று மேஜைமேல் விரலால் தட்டினார்.

"ஆரு அயச்சது? பேரு எழுதூ."

நீங்கள் என்னைக் குற்றம் சொல்வது இந்த இடத்தைத்தான். பெயரை எழுதாமல் விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விட்டிருந்தால், ஊரிலிருந்து வரும் எல்லாக் காகிதமும் சந்தேகத்துக்கு உரியது என்று ஆகியிருக்கும். ஒருவர் பெயரை எழுதியதால் குற்றம் அந்த ஒருவரோடு நின்றது. இல்லை, இருவரோடு. என் பெயரைத்தான் முதலில் எழுதினேன். என் வேண்டுகோளின்படி அவர் அனுப்பினார் என்று தெளிவாக எழுதினேன். அந்தத் தேதியில் பிள்ளை கொச்சியில் இருந்தது என்பதையும், அது எனக்குத் தெரிந்தே சான்றிதழைக் கொடுத்தேன் என்பதையும் சேர்த்தேன். அதை அவர் கேட்கவே இல்லை.

நான் எழுந்து வெளியே வருவதற்குள் பதினொரு பிள்ளைகளும் வகுப்புக்குள் போய்விட்டன. செண்பகம் மட்டும் வராந்தாவில் இருந்தாள். எல்லாரும் போயாச்சு, நானும் போகட்டுமா என்று கேட்டாள்.

7

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லாமலேயே பிள்ளையை நேராக மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். சிஸ்டரே குத்தினார். நுனி பிளந்த சின்ன ஊசி. மருந்தில் தோய்த்து இடது மேற்கையில் இரண்டு இடத்தில் கிடுகிடுவென்று குத்தினார். செண்பகம் அழவில்லை. இனிமேல் வகுப்பில் உட்காரலாமா என்று சிஸ்டரிடம் கேட்டாள். எட்டு நாள் கழித்து என்றார் சிஸ்டர். அது எவ்வளவு என்று கேட்டாள். அவர் அவளுடைய விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார்.

வள்ளித்தாய் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு இல்லை. நான்காம் நாள் கொப்புளம் கண்டது. ஆறாம் நாள் காய்ச்சல். பிள்ளையின் படுக்கைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கை பட்டுவிடாதபடி சட்டையின் இடது கையை அவளே வெட்டி எடுத்திருந்தாள்.

அழகர்சாமிக்கு நானே கடிதம் எழுதியிருந்தேன், நடந்ததை ஒளிக்காமல். என் கடிதமும், பள்ளி அவர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவரைத் தொலைவான ஊருக்கு மாற்றினார்கள். கையெழுத்துப் போட்டவரைச் சில மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த மனிதருக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அதுவும் என்னிடம் இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்பே, எட்டாம் நாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அழகர்சாமி வாசலில் நின்றார். இரவெல்லாம் ரயிலில் வந்த முகம். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வள்ளித்தாய் சாயா கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"மச்சான், நீங்க கேட்டீங்க. நான் செஞ்சேன்."

"ஆமா. கேட்டேன்."

"இல்லன்னு நான் சொல்லியிருந்தா, தங்கச்சி புருசன் ஒரு கடுதாசி கேட்டான், செய்யத் துப்பில்லன்னு ஊரே பேசியிருக்கும். செஞ்சதுக்கு என் பேரை எழுதிக் குடுத்திருக்கீங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. உங்கள் பிள்ளை படிக்க வேண்டும் என்றுதானே செய்தேன் என்று அவர் சொல்லியிருந்தால்கூட நான் வாதாடியிருப்பேன். அதை அவர் சொல்லவில்லை.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். "துணிமணிய எடுத்து வை தாயி. பிள்ளையையும் கூட்டிக்கோ. உன் கூடப் பிறந்தவனை விக்கிறவன் நாளைக்கு உன்னையும் விப்பான். மத்தியானம் வண்டி இருக்கு."

எட்டு நாளாக என்னோடு பேசாதவள். அவளுடைய அண்ணன். அவள் போனால் தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நின்றேன். போனால் பிள்ளையும் போகும். பள்ளிப் பட்டியலில் அடித்த பெயர் அடித்தபடியே இருக்கும்.

வள்ளித்தாய் உள்ளே போனாள். பெட்டி இழுக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. செண்பகத்துக்குத் தலை சீவிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் இடது கையில் இரண்டு கொப்புளமும் நன்றாகப் பழுத்து, சுற்றிலும் சிவந்திருந்தது. வாசலில் குடையை எடுத்தாள்.

"எங்கம்மா போற?" என்றார் அழகர்சாமி.

"இன்னிக்கு எட்டாம் நாள்ணே. கையைக் காட்டணும்."

"நான் வந்து உக்காந்திருக்கேன்."

"சிஸ்டர் பத்து மணி வரைக்கும்தான் இருக்கும்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைப் பிள்ளையின் இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். செண்பகம் அந்தக் கையை உடம்பில் படாமல் இறக்கைபோலத் தள்ளி வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு அடி முன்னால் போனாள். மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று எதிரே வந்தது. வள்ளித்தாய் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வண்டியைத் தடுத்து நிறுத்தினாள். பிள்ளை கடந்து போகும்வரை விடவில்லை.